குறுக்கே இழுத்த கோடு

சனவரி 6, 2025, திங்கள். அஜ்மான்

ஷார்ஜா கிடங்கில் இன்று சரக்கு வரவு மிகுதி. பேருந்தில் நின்றபடியே வீடு திரும்பினேன். பகலெல்லாம் பத்துச் சொல்கூடப் பேசவில்லை. ஆயினும் தொண்டை வறண்டு கிடக்கிறது. அமீரகத் தமிழர் என்னை ‘முழக்கச் செம்மல்’ என்பர். கிடங்கில் நான் வெறும் ‘பாண்டி பாய்’.

துபாய் தேராவில் அத்தர்க் கடை வைத்திருக்கும் சாதிக் பாட்ஷா அழைத்தார். எங்கள் தமிழ் மன்றத்தின் செயலாளர் அவர். பொங்கல் விழாவில் ஓர் அமெரிக்க ஓவியரைப் பற்றி நான் பேசவேண்டுமாம். சாதிக் பாட்ஷாவின் மகள் மின்ஹா பணிபுரியும் ஓவியக் கூடத்தில் அந்த அம்மையாரின் படங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

“கேம்ப் ஆளுங்களும் வந்து பாக்கணும்கிறா எம் மவ. நீங்க பேசுனாத்தான் வருவாங்க ஐயா.”

“அவரை எனக்குத் தெரியாதே.”

“தெரிஞ்சவங்களப் பத்தி மட்டுமா இத்தனை வருசம் பேசுனீங்க?”

சனவரி 9, வியாழன்

மின்ஹா அனுப்பிய குறிப்பைப் படித்தேன். கோரா லிண்டன். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊரொன்றில் பிறந்தவர். தந்தை சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர். நியூயார்க்கில் மாலை வகுப்புகளில் அச்சோவியம் கற்றார். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை தேய்த்து, தாளை வைத்து அழுத்தி எடுக்கும் கலை அது. வேலையின்றி நாடு தவித்த முப்பதுகளில் அரசே கூலி கொடுத்துப் படம் செய்யச் சொன்னது. சுரங்கத்தாரையும் துறைமுகத்தாரையும் கீறினார். பிறகு காலம் மாறியது. முகங்களை எவரும் கேட்கவில்லை. மணிக்கட்டும் ஒத்துழைக்கவில்லை. தகட்டை விட்டுத் தூரிகையை எடுத்தார். கடைசி ஆண்டுகளில் தம் வீட்டுச் சன்னலை மட்டுமே வரைந்துகொண்டிருந்தார்.

களைத்துப்போன ஒரு பெண்மணி. இதில் முழங்க என்ன இருக்கிறது? எனக்கு வேண்டியது இடி.

சனவரி 12, ஞாயிறு

இடி கிடைத்துவிட்டது. சாதிக் பாட்ஷா அலைபேசியில் கோரா லிண்டனின் படம் ஒன்றை அனுப்பினார். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் முகம். அதன்மேல், மூலைக்கு மூலை, ஈவிரக்கமின்றி இழுத்த இரண்டு கீறல்கள்.

சனவரி 19, ஞாயிறு

“அது கோடு அன்று தோழர்களே! உழைப்பவன் முகத்தை அழித்த உலகின் கன்னத்தில் ஒரு தாய் அறைந்த அறை!”

பொங்கல் விழா நடந்த ஓவியக் கூடம் அதிர்ந்தது. தண்ணீர் குடித்தேன், கையொலி அடங்கும்வரை காத்திருந்தேன்.

சோனாப்பூர்த் தொழிலாளர் முகாமிலிருந்து வந்திருந்த சிவகங்கைக் கார்மேகம் என் கையைப் பிடித்துக்கொண்டார். கட்டடப் பணியில் கம்பி கட்டுபவர். “எம் மூஞ்சியில போட்ட கோடு மாதிரியே இருந்துச்சுய்யா.” அந்தப் படத்தைத் தம் அலைபேசிக் கணக்கின் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார்.

சனவரி 21, செவ்வாய்

மின்ஹா அழைத்தார்.

“ஸ்பீச் சூப்பர் அங்கிள். பட்… அந்த லைன் கோவத்துல போட்டது இல்ல.”

“பிறகு?”

“காப்பி எடுக்க எடுக்கத் தகடு தேயும். கடைசில படம் சாம்பலா, மங்கலா வரும். அதுக்கு முன்னாடியே போதும்னு அவங்களே தகட்டுல கோடு போட்டுடுவாங்க. இனிமே யாரும் எடுக்க முடியாதுன்னு காட்ட ஒரே ஒரு காப்பி. அதான் அது. எல்லா பிரிண்ட் ஆர்ட்டிஸ்டும் பண்றதுதான். கீழ போர்டுல எழுதியிருந்தோமே, பாக்கலையா?”

பார்க்கவில்லை. மேடைக்குப் போகும் வழியில் கூட்டத்தைப் பார்த்தேன். படத்தைப் பார்க்கவில்லை.

சனவரி 26, ஞாயிறு

மனைவி வடிவிடம் சொன்னேன். எனக்குப் போர்த்திய பொன்னாடைகளில் ஒன்றைக் கிழித்துக் குளிர்பெட்டிக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள்.

“அந்தம்மா கெட்டிக்காரி. நீங்களும் இருக்கீகளே! ஒரே பேச்சத்தான் ஊர் ஊராச் சொமக்குறீக. மொதல்ல எனக்குப் புல்லரிக்கும். இப்ப எந்த எடத்துல தண்ணி குடிப்பீகன்னு கூடத் தெரியும்.”

சினந்து எழுந்துபோனேன். எங்கே போவது? இருப்பது ஒரே அறை.

பிப்ரவரி 3, திங்கள்

பக்ரைனிலிருந்து அழைப்பு. ஈசா டவுனில் பொங்கல் கூடல். என் பேச்சின் காணொளி அங்கும் போய்விட்டதாம்.

“அந்தக் கோடு எடத்த மட்டும் விட்ராதீங்க ஐயா, அதுக்குத்தான் டிக்கெட்டே” என்றார் சாதிக் பாட்ஷா.

உண்மையைச் சொன்னேன்.

“எம் மவளும் சொன்னா. அமெரிக்காவுலருந்து யாரு வந்து கேக்கப் போறா? காரமா இருந்துச்சு, சாப்ட்டாங்க, கலாஸ், முடிஞ்சுது.” கூடவே, “மாத்திப் பேசுனா அப்புறம் எவனும் கூப்பிட மாட்டான். மெரட்டல, நெலமையச் சொல்றேன்” என்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மேடை போனால் எனக்கு இந்நாட்டில் மிஞ்சுவது என்ன? பாண்டி பாய்.

பிழையென்று அறிந்தபின் அதையே முழங்கினால்? — அப்போதும் கைதட்டுவார்கள். அதுதான் அச்சமாக இருக்கிறது.

பிப்ரவரி 21, வெள்ளி. ஈசா டவுன்

வந்தவுடனேயே பொன்னாடை போர்த்திவிட்டார்கள். பேசி முடிக்கும்வரை காத்திருந்தால் போர்த்தியிருக்க மாட்டார்கள்.

நான் தவறாகச் சொன்னேன் என்றேன். தகடு தேய்வதைச் சொன்னேன். மங்கிய படம் தம் பெயரால் வெளிவரக் கூடாதென்று, தம் கையாலேயே முடித்துக்கொண்டவரைச் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தும் இடம் அதில் இல்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர், “அந்த வீடியோ ஆளு இவருதானா?” என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டது காதில் விழுந்தது. கையொலி, மரியாதை அளவுக்கு.

வானூர்தி நிலையத்தில் விடவந்த இளைஞர் வழி முழுதும் மட்டைப்பந்து பற்றியே பேசினார். நன்றாகப் பேசினார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கார்மேகத்தை அழைத்துச் சொன்னேன்.

“அப்ப அது என்னையப் பத்தி இல்லீங்களாய்யா?”

“இல்லை.”

“சரிங்கய்யா. டூட்டிக்கு நேரமாச்சு.”

எந்த மேடையிலும் நான் இப்படிக் கூசி நின்றதில்லை.

மார்ச் 30, ஞாயிறு

பெருநாள். சாதிக் பாட்ஷா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. அழைப்பு எதுவும் வரவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

குவைத் சித்திரைக் கூடலின் காணொளியைக் கார்மேகமே அனுப்பியிருந்தார். என்னுடைய இடத்தில் அன்பரசன், இளம் பேச்சாளர். சென்ற வாரம் அவரை அழைத்து உண்மையை விளக்கியிருந்தேன். “தெரியும் ஐயா, பக்ரைன் பேச்சையும் கேட்டேன். ஆனா கிளாப்ஸ் அந்த எடத்துலதானே” என்றார்.

அலைபேசியைச் சாய்த்து வைத்து வடிவும் நானும் பார்த்தோம். “அது கோடு அன்று தோழர்களே!” அதே ஏற்றம், அதே இடைவெளி. கூட்டம் எழுந்து நின்றது.

“அங்க பாருங்க,” என்றாள் வடிவு. “அதே எடத்துல தண்ணி குடிக்கிறான்.”

கார்மேகத்தின் பெயருக்கு அருகே சிறு வட்டத்தில் இருந்த கோடிட்ட முகம் போய்விட்டது. அங்கே இப்போது அவரே நிற்கிறார், தலைக்கவசத்தோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

வடிவு காணொளியை நிறுத்திவிட்டுத் தேநீர் போட எழுந்தாள். எனக்கு வேண்டாம் என்றேன். தொண்டை வறளவில்லை.