செல்விக்கு விழுந்த அடி

ஞாயிறு, 14 மார்ச் 1999

இன்று பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு பெற்ற அம்மாவின் கையால் சாப்பிட்டேன். சந்தோஷப்பட வேண்டும். வயிறுதான் எரிகிறது.

கேகாலையில் பஸ் ஏறி, ரப்பர் தோட்டத்தில் அம்மா குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி.

"வாங்க, ஒக்காருங்க" என்று சொல்லி அம்மா சேலைத் தலைப்பால் கதிரையைத் துடைத்துப் போட்டாள். என்னை வளர்க்கக் கொடுத்துவிட்ட பிறகு பிறந்த தங்கை செல்வி தரையில் உட்கார்ந்தாள். எனக்குப் பீங்கான் தட்டு, அவளுக்கு நசுங்கிப்போன அலுமினியத் தட்டு. பெரிய மீன் துண்டும் எனக்குத்தான்.

சாப்பிட்டதும் என் தட்டைக் கழுவ, வெளியே தண்ணீர் விழும் பீலிக்குக் கொண்டுபோனேன். அம்மா பின்னாலேயே ஓடி வந்து பிடுங்கினாள்.

"ஐயோ, நீங்க வைங்கம்மா! ஏண்டி செல்வி, மாடு மாதிரி ஒக்காந்திருக்க? வந்தவங்க தட்டு கழுவுறாங்க, கண்ணு தெரியலயா?"

செல்வி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவள் முதுகில் அம்மா ஒன்று வைத்தாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு அது தினம் கிடைக்கிறது.

வளர்த்த வீட்டில் எட்டு வயதிலிருந்து எல்லோருடைய தட்டையும் நான்தான் கழுவினேன். அங்கே ஒருவரும் பிடுங்கியதில்லை. இங்கே ஒரே ஒரு தட்டு. அதையும் செல்வியிடம் கொடுத்துவிட்டாள்.

பஸ்ஸுக்குக் கிளம்பியபோது அம்மா வாசல்வரை வந்து, "இன்னொரு நாளைக்குக் கட்டாயம் வாங்க" என்றாள்.

செல்வியிடம் அவள் இதை ஒரு நாளும் சொல்லியிருக்க மாட்டாள்.