ஈசலுக்காக அணைத்த மெயின்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை இரவு

நாளைக் காலை பெங்களூரில் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். முட்டிவலியால் நைனாவுக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரைகூட நடக்க முடியாது. டிவியில் நேரலையாகக் காட்டுகிறேன் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

டிவியோடு இணைத்திருக்கும் ஆண்ட்ராய்டு பாக்ஸ் ஒரு வாரமாகத் தானாக அணைந்துகொண்டிருந்தது. அதனால் சாயங்காலம் பென்டிரைவிலிருந்து சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றினேன். நாற்பது சதவீதம் ஏறியிருக்கும்போது நைனா மெயினையே அணைத்துவிட்டார். மழை விட்டதும் ஈசல் விளக்கைச் சுற்றத் தொடங்கியிருந்தது. எங்களுடையது சமண வீடு. விளக்கில் விழுந்து ஒரு ஈசல் செத்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. மறுபடி மெயினைப் போட்டதும் பாக்ஸ் கம்பெனிப் பெயரைக் காட்டிவிட்டு அப்படியே நின்றது.

“ஈசலுக்காகப் பேத்தி நிச்சயத்த வுட்டுடுவியா?” என்று கத்திவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இரண்டு முறை திரும்ப ஏற்றிப் பார்த்தும் நடக்கவில்லை. பாக்ஸின் பின்பக்க ஓட்டைக்குள் இருக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே கரண்ட் கொடுக்க வேண்டும் என்று அப்புறம்தான் படித்தேன். பாக்ஸுக்கான சுவிட்ச் எதிர்ச் சுவரில் இருக்கிறது. துடைப்பக்குச்சியால் அழுத்தியபடி, “நைனா, சுவிட்ச் போடு” என்றேன். அவர் ஜன்னலைச் சாத்தி, டியூப்லைட்டை அணைத்துவிட்டுத்தான் போட்டார். ஏறத் தொடங்கியது.

இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. நைனா சுவிட்ச் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

“நீ போய்ப் படும்மா. யாரும் அணைச்சிடாம நான் பாத்துக்கிறேன்.”

வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.