விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஒரு மலை

என் பாஸ்கரு,

உன் ரயில் பத்திரமாக விழுப்புரம் வந்து சேர்ந்துவிட்டது. முதலில் அந்தச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். குட்டி யானை வண்டியின் பின்னால் நானும் என் மகள் கவிதாவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, உன் ஸ்டேஷனை மடியில் தாங்கிக்கொண்டு வந்தோம். வேகத்தடை வரும்போதெல்லாம் நான் போட்ட சத்தத்தைக் கேட்டு மயிலம் கூட்ரோடு தாண்டியதும் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். "சார், பின்னாடி பேஷண்ட் யாராச்சும் படுத்துக்கினு கீறாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றே சொல்லிவிட்டேன். அதன் பிறகு ரொம்ப மெதுவாக ஓட்டினார்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே உன்னிடம் திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள். நீ என் மனைவியின் தம்பி. திண்டிவனத்தில் படங்களுக்கு ஃபிரேம் போடுகிற கடை வைத்திருந்தாய். நான் விழுப்புரத்தில் ஒரு சிமெண்ட் கடையில் லோடு ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்கிறவன். படிப்பு பத்தாம் வகுப்பு, எடை தொண்ணூறுக்குச் சற்று மேல். இப்படிப்பட்ட இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கதவைச் சாத்திக்கொண்டு பொம்மை ரயில் விட்டார்கள் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஆரம்பித்து வைத்தது கவிதாதான். வேலைக்குப் போன முதல் மாதம் அப்பாவுக்கு ஒரு சட்டை எடுத்து வருவாள் என்று நான் காத்திருக்க, அவள் சென்னையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே ஓர் இன்ஜின், மூன்று பெட்டி, கொஞ்சம் தண்டவாளம். "சின்ன வயசுல இத கேட்டு நான் அழுதப்ப நீங்க பலூன் வாங்கிக் குடுத்தீங்கல்லப்பா, இப்ப நீங்களே வெச்சி வெளையாடுங்க" என்றாள். எங்கள் வீட்டில் அதை விரிக்க இடமில்லை. உன் வீட்டுப் பின்னறை காலியாகக் கிடந்தது. உன்னிடம் கொண்டு வந்தேன்.

நீ அந்த இன்ஜினைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாய். "எந்த லைனு போடலாம் மாமா?" என்று கேட்டாய். நமக்குத் தெரிந்த லைன் ஒன்றுதானே. ஒரு சுவரை ஒட்டித் திண்டிவனம், அடுத்த சுவரை ஒட்டி விழுப்புரம், இரண்டும் சேருகிற மூலையில் திருப்பம். பலகை அடித்து முடித்த அன்று உன் அக்கா காபியோடு வந்து, "இத வெளிய எப்பிடிடா எடுப்பீங்க?" என்று கேட்டாள். "இத எதுக்குக்கா வெளிய எடுக்கணும்?" என்றாய் நீ. நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். ரயிலுக்கு வழி விட்ட நாம் பலகைக்கு வழி விடவில்லை.

அந்த மூலையில்தான் நான் மலையைக் கட்டினேன்.

செல்போனில் நான் பார்த்த பொம்மை ரயில் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு மலைக்குள் புகுந்து வெளியே வந்தது. நமக்கும் ஒன்று வேண்டும் என்று எனக்கு ஆசை. கோழிக்கூண்டுக் கம்பி வலையை வளைத்து, பேப்பரை நனைத்து ஒட்டி, மேலே கடையில் மிஞ்சிய வெள்ளை சிமெண்டைக் குழைத்துப் பூசினேன். நீ கடையை மூடிவிட்டு வந்து பார்த்தபோது பாதி மலை எழும்பிவிட்டிருந்தது.

"மாமா, இந்த லைன்ல கொகை எங்க இருக்குது?"

"ஏன், மயிலத்துல மலை இல்லியா?"

"அது முருகர் குந்திக்கினு கீற குன்று மாமா. ரயிலு பூந்து போற மலையில்ல."

"அப்ப செஞ்சி மலைய நகத்தி வெச்சேன்னு நெனச்சிக்க."

"நகத்தறதுதான் நகத்தினீங்க, கோட்டைய எங்க வுட்டீங்க?"

ஆனாலும் இடிக்கச் சொல்லவில்லை. அதுதான் நீ. எனக்காக ஒரு பொய்யைப் பொறுத்துக்கொண்டு, அதன் இரண்டு பக்கமும் நிஜத்தைச் செய்ய ஆரம்பித்தாய்.

எத்தனை நிஜம் அது. பிளாட்பாரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் வைத்தாய். அடியில் பசையை ஒரு சொட்டு விட்டுக் காயவைத்தாய், ஈரம் மாதிரி மின்னியது. "கொழான்னா ஒழுவணும் மாமா, ஒழுவலன்னா அது படம்" என்றாய். தூணின் அடியில் ஊசி முனையால் குங்குமத்தைத் தொட்டு வெற்றிலைக் கறை வைத்தாய். வடிகட்டிக் காயவைத்த டீத்தூள் மண்ணாயிற்று. மல்லாட்டைக் கடலையின் சிவப்புத் தோலை நுணுக்கித் தூவினால் வேப்பஞ்சருகு. கூட்ஸ் ஷெட் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தைவிடச் சின்ன மூட்டைகளைத் தைத்து அடுக்கினாய். ஒரு மூட்டை மட்டும் கிழிந்திருந்தது. அதன் பக்கத்தில் ஓர் ஆடு நின்றது.

என் பங்குக்கு நானும் ஒரு யோசனை சொன்னேன். தண்டவாளத்துக்கு நடுவே ஜல்லி வேண்டும், அதற்குக் கேப்பைதான் சரியான அளவு என்றேன். ஜல்லி விஷயத்தில் இருபது வருஷ அனுபவசாலி பேசினால் யார் மறுப்பது? சாம்பலில் புரட்டி, பசைத் தண்ணீர் தெளித்து, திண்டிவனம் முழுக்கக் கேப்பை கொட்டினோம். அது ஐப்பசி மழை நேரம். அடுத்த ஞாயிறு கதவைத் திறந்தால் ஸ்டேஷன் பூராவும் பச்சை. முளைத்துவிட்டிருந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நீ தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாய். பிறகு மெயின் லைனை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, லூப் லைனில் இருந்த பயிரை அப்படியே காயவிட்டாய். காய்ந்த பிறகு பார்த்தால், வண்டி வராத தண்டவாளத்தில் புல் முளைத்துக் கிடப்பது போலவே இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் மெச்சினார்கள். யோசனை என்னுடையது என்று ஒவ்வொருவரிடமும் நான் சொன்னேன்.

அதற்குத் தண்டனை மாதிரி என்னையும் ஒரு பொம்மையாகச் செய்து பிளாட்பாரத்துப் பெஞ்சில் வைத்தாய். உன் நிச்சயதார்த்தத்துக்குத் தட்டோடு பாசஞ்சரில் கிளம்பி, திண்டிவனத்தில் இறங்காமல் தூங்கி, தட்டோடு செங்கல்பட்டில் போய் விழித்தவன் நான். உன் செல்வியின் நிச்சயப் புடவை அவளுக்கு முன்னால் செங்கல்பட்டைப் பார்த்துவிட்டது. நீ செய்த பொம்மைக்கு வயிறு பானை, வாய் திறந்திருக்கிறது, மடியில் சட்டைப் பொத்தானில் செய்த தட்டு. "நான் தூங்குனது ரயில்லடா" என்றேன். "ரயில்ல வெச்சா நீங்க பாட்டுக்குப் போய்க்கினே இருப்பீங்க மாமா. பெஞ்சுல வெச்சாதான் வர்றவங்க நின்னு பாப்பாங்க" என்றாய்.

ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார், பூக்காரம்மா இருந்தாள், நாய் இருந்தது, நான் இருந்தேன். நீ எங்கே என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

மாசியில் நீ போய்விட்டாய். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. உனக்குத் தெரிந்ததுதானே.

புதுச் செய்தி என்னவென்றால், செல்வி தையல் வகுப்பு ஆரம்பிக்கிறாள். மெஷின்கள் வந்துவிட்டன, மயிலத்திலிருந்துகூடச் சேர்வதாகச் சில பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். பின்னறையை விட்டால் அவளுக்கு வேறு இடமில்லை. போனில் அதைச் சொல்வதற்குள் ரொம்பத் தயங்கினாள். "ஒடச்சிப் போட மனசு வரலண்ணே. நீங்க எடுத்துக்கினு போயிடுங்க. முழுசா போவுமா?" என்றாள்.

நாங்கள் போன அன்று அவள் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் உன் கடையில் ஃபிரேம் வேலைக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடி. "இத்தினி பேர வெச்சாரே, அவர எங்கண்ணே வெச்சாரு? நானும் தேடிக்கினே இருக்கறேன்" என்றாள். நானும் குனிந்து தேடினேன். கூட்ஸ் ஷெட், ரயில்வே கேட்டு, டீக்கடை எல்லாம் பார்த்தேன். விழுப்புரம் பக்கம் பார்சல் ஆபீஸ் வரை போனேன். நீ இல்லை. "அவன் செய்யறவன்ம்மா, அதனால வெளிய நின்னுக்கினான்" என்று ஏதோ சொல்லி வைத்தேன். அவள் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கே அந்தப் பதில் போதவில்லை.

அப்புறம் கதவு. கவிதா டேப் பிடித்து அளந்தாள். பலகையின் ஒவ்வொரு பக்கமும் தனியாக என்றால் தாராளமாக வெளியே போகும், இரண்டும் சேர்ந்த மூலையோடு போகாது. சாய்த்தால் ஊரே கொட்டிவிடும். எங்கேயாவது அறுத்துத்தான் ஆகவேண்டும். நான் பென்சிலை எடுத்து, கூட்ஸ் ஷெட்டுக்குப் பக்கத்தில், மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு கோடு போட்டேன்.

"அப்பா, அங்க எதுக்கு? மூலையில அறுங்க. ஒட்டே அங்கதான இருக்குது?"

"மூலையில மலை இருக்குதும்மா."

"அதத்தான் சொல்றேன். இங்க இருக்கறதுலியே பொய்யி அது ஒண்ணுதான். அத காப்பாத்தறதுக்கு மாமா தெச்ச மூட்டைய அறுப்பீங்களா?"

செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பதற்கா அழுவதற்கா என்று தெரியவில்லை. நான் பென்சில் கோட்டை எச்சில் தொட்டு அழித்தேன்.

உன் மாமன் கட்டிய மலை லேசில் உடையுமா? "நூறு வருஷம் அசையாதுடா" என்று உன்னிடம் சவால் விட்டுப் பூசியது அது. ரம்பம் வலையில் மாட்டியது, சிமெண்ட் பொடி மூக்கில் ஏறியது, சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. என் கையால் கட்டியதை என் கையாலேயே அறுக்கும்போது, இத்தனை நல்ல சிமெண்டைப் போட்டவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் மலை இரண்டாகப் பிளந்து, முன்பக்கத்துப் பாதி என் கையோடு வந்தது.

உள்ளே தண்டவாளத்தின் ஓரம் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான்.

ஒல்லியாக இருந்தான். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான். ஒரு காலைத் தூக்கி, பாதத்தால் இன்னொரு காலின் ஆடுசதையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். திண்டிவனத்தில் அப்படி நிற்கிற ஆள் ஒருவன்தான். கடை வாசலில் வாடிக்கையாளரிடம் பேசும்போதும் அப்படித்தான், கல்யாண மேடையில் மாலையோடு நின்றபோதும் அப்படித்தான்.

செல்வியைக் கூப்பிட்டுக் கையைக் காட்டினேன். அவள் பூதக்கண்ணாடியோடு முட்டி போட்டு உட்கார்ந்தாள். முதலில் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தாள்.

"அண்ணே, இது என் ரவிக்கத் துணி. ஓரத்துல ஒரு துண்டு கொறயுதுன்னு நான் மெஷினுக்கு அடியிலல்லாம் தேடிக்கினு இருந்தேன். கேட்டதுக்கு எலி இழுத்துக்கினு போயிருக்கும்னாரு."

அப்புறம்தான் சிரித்தாள், பாஸ்கரு. மாசிக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே, "எலி, எலி" என்று உன்னைத் திட்டினாள். கவிதா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் முகம் பூராவும் சிமெண்ட் பொடியோடு நின்றிருந்தேன். நல்ல வேளை, என் கண் சிவந்ததற்குக் காரணம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

எப்போது உள்ளே போனாய்? நான் மலையை மூடுவதற்கு முன்பா, பிறகு ஒரு நாள் குகை வாய்க்குள் கையை விட்டா? வேண்டாம் வேண்டாம் என்று நீ சொன்ன மலைக்குள்ளேயே போய் ஏன் குடியிருந்தாய்? யாராவது கண்டுபிடிக்கட்டும் என்றா, யாருக்கும் தெரிய வேண்டாம் என்றா? நான் ஒவ்வொரு ஞாயிறும் ரயிலை அதற்குள் அனுப்பிவிட்டு, அந்தப் பக்கம் வெளியே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவையாவது குனிந்து உள்ளே பார்த்திருக்கலாம். வயிறு இடித்திருக்கும், அவ்வளவுதானே.

பொம்மையைச் செல்வியிடம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். எடுக்கப் போன என் கையை அவள் தடுத்துவிட்டாள். "அவரு எடத்த அவரே புடிச்சிக்கினு நிக்கறாரு. அங்கியே இருக்கட்டும்ண்ணே. மறுபடி மூடிறாதீங்க, அது போதும்."

இப்போது எங்கள் கூடத்தில் டிவி இருந்த மூலையில் மலை இருக்கிறது. டிவி அடுக்களைக்குப் போய்விட்டது, உன் அக்கா சமைத்துக்கொண்டே சீரியல் பார்க்கிறாள், அவளுக்கு அதில் ரொம்பத் திருப்தி. பலகையை மறுபடி சேர்த்தபோது தண்டவாளம் ஒரு மயிரிழை ஏறிவிட்டது. இன்ஜின் உன்னைத் தாண்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கிறது. கவிதா சரிசெய்ய வந்தாள், வேண்டாம் என்றுவிட்டேன். நிஜ ரயிலில் அந்தச் சத்தம் இல்லையா என்ன?

போன ஞாயிறு செல்வி வந்திருந்தாள். வகுப்பில் சேர்ந்த ஒரு பெண் முதல் நாளே தன் சுடிதார் நுனியை வைத்துத் தைத்துவிட்ட கதையைச் சொன்னாள். திண்டிவனத்தில் முதல் வண்டியைக் கிளப்பியதும் அவள்தான். வண்டி மலைக்குள் வந்தபோது எல்லாரும் பேச்சை நிறுத்தினோம். டக். பிறகு விழுப்புரம்.

எல்லாரும் காபிக்கு எழுந்து போன பிறகு நான் முட்டி போட்டு, கன்னத்தைப் பலகையில் வைத்து, நீ நிற்கிற இடத்திலிருந்து பார்த்தேன். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது, அது வேறு கதை. அங்கிருந்து ஸ்டேஷன் முழுக்கத் தெரியவில்லை. ஆடு தெரியவில்லை, மூட்டை தெரியவில்லை. குகை வாய்க்கு நேராக அந்தப் பெஞ்சு ஒன்றுதான் தெரிந்தது. அதில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற தடியன்.

மலையை இனி மூடமாட்டேன். முன்பக்கம் திறந்தே இருக்கும், இது சத்தியம். சிமெண்ட் பக்கமே போகமாட்டேன். ஞாயிறுதோறும் உன்னைத் தாண்டி ஒரு வண்டியாவது போகும். நீ அங்கேயே நின்று காலைத் தேய்த்துக்கொண்டிரு. நான் பெஞ்சில்தான் இருக்கிறேன். என் வண்டி வரும்போது மட்டும் ஒரு குரல் கொடுத்து எழுப்பிவிடு. இன்னொரு தடவை செங்கல்பட்டு வரைக்கும் போக என்னால் ஆகாது.

தட்டை இன்னும் மடியிலேயே வைத்திருக்கும்,
உன் அக்கா புருஷன்,
கோதண்டம் மாமா
விழுப்புரம்