அண்ணன் வண்டியில் இடமில்லை

டாக்டரே,

இன்று காலை வெள்ளைப் பனியன் துணி மூட்டை ஒன்றைப் பிரித்தேன். சலவைப் பட்டறையிலிருந்து நேராக வந்த சரக்கு. பிளீச்சிங் காட்டம் இன்னும் அடங்கவில்லை. குடோன் முழுக்க உங்கள் கிளினிக் வாசம். நீங்கள் கிளினிக் வைத்திருந்த மாடியில் இப்போது கொரியர் ஆபீஸ்தான் இருக்கிறது. இருந்தாலும் நீங்கள் படியிறங்கி வருவதாக நினைத்து ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

துணி கேட்டு வந்தவர் அன்று எங்கள் கட்சித் தலைவர் அண்ணனோடு வண்டியில் போனவர்களில் ஒருவர். அண்ணனின் நினைவு நாளுக்குத் தொண்டர்களுக்கு டி-ஷர்ட் அடிக்கிறார்களாம். அவர் சொல்லிவிட்டுப் போன ஒரு பேச்சு என்னை உலுக்கிவிட்டது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கரண்ட் போகிற மதியங்களில் நீங்கள் கீழே வந்து என் துணி மூட்டை மேல் உட்காருவீர்கள். சர்க்கார் வேலையில் பாதிக் காலம் பிரேதப் பரிசோதனை பார்த்தவர். அதனாலோ என்னவோ, உங்களுக்குப் படிப்பில் ஒரே ஒரு கிறுக்கு: கொல்லப்பட்ட தலைவர்கள் உண்மையில் எதனால் செத்தார்கள் என்பது.

அமெரிக்க ஜனாதிபதி ஒருவரைப் பற்றிச் சொன்னீர்கள். "குண்டு முதுகுல ஓரமாப் போய்ச் சும்மா உக்காந்துக்கிச்சுங்க. அதைத் தேடறேன்னு வந்த டாக்டருங்கதான் ஆளாளுக்குக் கழுவாத வெரலை உள்ள உட்டாங்க. கோடை பூராச் சீழ் புடிச்சுக் கெடந்து செத்தாரு. பெரிய மனுசன் ஒடம்புன்னா எல்லாருக்கும் தொட்டுப் பார்க்கோணும் மொதலாளி."

அப்புறம் அந்த ஐரோப்பிய மகாராணி. ஒருவன் மெல்லிய அரத்தால் நெஞ்சில் குத்தினான். உள்ளே போட்டிருந்த இறுக்கமான உடுப்பு காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டதால் எழுந்து நடந்து படகில் ஏறிவிட்டார். மூச்சு முட்டுகிறதென்று உடுப்பைத் தளர்த்தினார்கள். முடிந்தது.

"அப்ப நம்ம சரக்கு உசுரைக் காப்பாத்தும்னு லேபிள்லயே அடிச்சுரலாமுங்க" என்றேன்.

"அடிங்க. கூடவே 'கழட்டாதீங்க'ன்னும் அடிங்க."

சிரித்தோம். அதெல்லாம் கண்காணாத தேசத்துக் கதை என்றுதான் நினைத்திருந்தேன்.

உள்ளாட்சித் தேர்தல் சமயம் அது. நம் குடோனுக்கு எதிரே கொடியேற்ற வந்த அண்ணனைக் கூட்டத்தில் ஒருவன் குத்திவிட்டு ஓடினான். தொடை மடிப்பில் ஒரே குத்து. நான் போய்ச் சேர்வதற்குள் நீங்கள் சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓடிவந்து ரோட்டில் மண்டியிட்டிருந்தீர்கள். சோற்றுப் பருக்கை ஒட்டிய கையோடு காயத்தின் மேல் முஷ்டியை வைத்து மொத்தப் பாரத்தையும் கொடுத்து அழுத்தினீர்கள். பீறிட்டுக்கொண்டிருந்த ரத்தம் நின்றது. என் கண்ணால் பார்த்தேன், நின்றது. "கை கழுவலீங்களே" என்று நான் உளறியதற்கு, "சீழ் நாளைக்கு வந்தா நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றீர்கள்.

கட்சிக்காரர்களின் வண்டி வந்தது. "கையை எடுங்க டாக்டர், கோயமுத்தூர் கொண்டு போறோம்."

"போங்க சாமி. என்ற கையோட தூக்கி வண்டில போடுங்க. நானும் ஏறிக்கறேன். போற வழியில அவிநாசி ஆஸ்பத்திரியில இறக்குங்க, மொதல்ல தையல் போடட்டும்."

"அண்ணனைச் சின்ன ஆஸ்பத்திரியில போட்டா நாளைக்குச் சனம் என்னங்க பேசும்? தொடையிலதானே குத்து!"

முன்சீட்டில் இருவர், பின்சீட்டில் அண்ணனின் மச்சினர், பொருளாளர், இளைஞரணிக்காரர் என்று ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனோடு போகிறவர்தான் அண்ணனுக்கு அடுத்தவர் என்பது நம் பக்கத்தில் எழுதாத சட்டம். படம் பத்திரிகையில் வரும்; அடுத்த தேர்தல் சீட்டுக்கும் அதுவே அச்சாரம். ஒருவர்கூட இறங்கவில்லை.

"எடமில்லீங்க. பின்னால வர்ற வண்டியில வாங்க."

இரண்டு பேர் உங்கள் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார்கள். கை விலகியதும் மறுபடி பீறிட்டது. அப்படியே அண்ணனைத் தூக்கிப் பின்சீட்டுக்காரர்கள் மடியில் கிடத்தினார்கள். கதவைச் சாத்துமுன் அண்ணன் முனகியது எனக்குக் கேட்டது: "டாக்டர் வரட்டும்டா." சந்தை இரைச்சலையே அடக்குகிற குரல் எனக்கு. நானும் கத்தினேன். 'அண்ணன் வாழ்க' கோஷத்தில் அமுங்கிப்போனது. வண்டிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து வண்டிகள் ஆரன் அடித்துக்கொண்டு போயின. எதிலும் உங்களை ஏற்றவில்லை.

அவிநாசியில் நிற்காமல் போய், கருமத்தம்பட்டியைத் தாண்டுமுன் உயிர் போய்விட்டது.

சேதி வந்தபோது நீங்கள் என் குடோன் வாசலில் நின்றிருந்தீர்கள். முழங்கை வரை ரத்தம் காய்ந்திருந்தது. நான் சொம்பில் தண்ணீரோடு நின்றேன். நீங்கள் கையை நீட்டவே இல்லை. "குத்துனவனைப் புடிச்சுருவாங்க" என்றீர்கள். "மத்தவங்களை?" பிறகு என் கையைப் பிடித்து என் தொடை மடிப்பிலேயே வைத்தீர்கள். "இங்க துடிக்குதா? இதை அமுக்குங்க. இன்னும் அமுக்குங்க. நின்னுருச்சா? இதுக்கு மேல வைத்தியம் ஒண்ணுமில்லீங்க. எவன் வந்து சொன்னாலும் உடாதீங்க, அவ்வளவுதான்."

மறு வருடம் தூக்கத்திலேயே நீங்களும் போய்விட்டீர்கள். கட்சிக்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்று வந்தாரே, அவர்தான் அன்றைய இளைஞரணிக்காரர். இப்போது அண்ணன் இருந்த பதவியில் இருக்கிறார். துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே கண் கலங்கச் சொன்னார்: "அண்ணன் என்ற மடியிலதானுங்க உசுரை உட்டாரு. அந்தப் பாக்கியம் யாருக்குங்க கெடைக்கும்?"

நான் மறைக்கத் தெரியாதவன். கேட்டேவிட்டேன். "ஏனுங்க, நீங்க இறங்கி அந்த எடத்துல டாக்டரை ஏத்தியிருந்தா அண்ணன் இன்னைக்கு இருந்திருப்பாருங்களே?"

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"டாக்டரு நம்ம கட்சி இல்லீங்களே."

வியாபாரத்தில் எத்தனையோ பொய்யர்களைப் பார்த்தவன் நான். சாயம் போகும் துணியைப் போகாதென்று விற்கிறவன் கண் எங்கே போகும் என்று தெரியும். அவர் கண்ணில் அதைத் தேடினேன். இல்லை. மறைக்க அவரிடம் ஒன்றுமே இல்லை, டாக்டரே. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. துணி விலைக்கில்லை என்று அனுப்பிவிட்டேன். போகும்போது, நான் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டேனா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அவர் போனபின் மூட்டை மேல் உட்கார்ந்தேன். கட்டைவிரல் தானாக நீங்கள் காட்டிய இடத்துக்குப் போயிற்று. துடித்தது. அழுத்தினேன், நின்றது. கணக்குப்பிள்ளை வந்து லாரி நிற்கிறதென்று கூப்பிட்டார். கால் மரத்துப் போகும்வரை கையை எடுக்கவில்லை.