‘எல்லாம் சரிங்க’ என்று எழுதியவனுக்கு நீங்கள் தந்த பதில்

அண்ணே,

இன்று ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் ஸ்வெட்டர் மழையில் நனைந்து நாறியது. உடனே அந்தப் பழைய இன்டர்நெட் கடை நினைவுக்கு வந்துவிட்டது. ஈரக் கம்பளி வாசனையோடு வரிசையாக உட்கார்ந்திருப்போம். மற்றவர்கள் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பேசுவார்கள். நான் திரையை உடம்பால் மறைத்துக்கொண்டு உங்களோடு.

புரோஸ்டேட் புற்றுநோய் வந்த ஆண்கள் மனம்விட்டுப் பேச ஒரு டாக்டர் அம்மா இணையத்தில் நடத்திய குழு அது. கொழும்பிலிருந்த மகள்தான் என்னைச் சேர்த்துவிட்டாள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவோம். ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று அந்த அம்மா கேட்டபோதெல்லாம் ‘எல்லாம் சரிங்க’ என்றே எழுதினேன். தேயிலைத் தோட்டத்துக் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்திவிட்டு, துரைக்கு அப்படியே சொல்லிப் பழகிய கணக்கப்பிள்ளை வாய். உடப்புசல்லாவைத் தேயிலை ஆலையில் டீமேக்கராக இருந்த உங்களுக்குத்தான் அது பிடிபட்டது.

“தம்பி, இது பெரட்டு இல்ல, இங்க தொரையும் இல்ல. துணி நனையுதா இல்லையா, அதச் சொல்லுங்க” என்று அத்தனை பேர் பார்க்க எழுதினீர்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனாலும் எழுதினேன்: நனைகிறது, மூத்திரம் அடங்குவதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு நான் ஆம்பிளை என்ற நினைப்பே போய்விட்டது. மனைவியிடம் காரணம் சொல்லாமல் தனியே படுக்கிறேன்.

“மொதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க. அப்புறம் இங்க வாங்க” என்றீர்கள். பொல்லாத மனுஷன் நீங்கள்.

சொன்னேன். பார்வதி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “இதுக்குத்தானா? என்னையப் புடிக்காமப் போச்சுன்னுல்ல நெனச்சேன்” என்று அழுதாள். பிறகு என் பாயை இழுத்துவந்து அவள் பாயோடு சேர்த்துப் போட்டாள்.

நோய் எலும்புவரை போன பிறகும் நீங்கள் குழுவில் எங்களைக் கேலி செய்வதை விடவில்லை. உங்கள் முகத்தை நான் முதன்முதலில் பார்த்தது மாலை போட்ட படத்தில்தான். சாவு வீட்டில், “நீங்க என்ன மொறைங்க?” என்று கேட்டார்கள். “எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நோய்ங்க. புரோஸ்டேட் கென்சர். இன்டர்நெட்டுல ஒரே கூட்டத்துல பேசிக்குவோம்” என்றேன், கூடியிருந்த எல்லோருக்கும் கேட்க. பார்வதி பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை அண்ணே. அது நீங்கள் தந்த குரல், இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

புறப்படும்போது உங்கள் மைத்துனர் பின்னாலேயே வந்தார். “அந்தக் கூட்டத்துல என்னையும் சேத்துவிடுவீங்களா?” என்றார். அவருக்கும் அதே நோயாம். உங்களிடம்கூடச் சொல்லவில்லையாம்.