தண்ணீருக்குள் விழுந்த பெட்டி

14.3.96, வியாழன்

தூக்கம் வரவில்லை. நான் எழுதிய கம்ப்யூட்டர் விளையாட்டை இன்று காலேஜ் லேபில் முதன்முதலாக இன்னொருத்தி ஆடிப் பார்த்தாள். என்கூடப் படிக்கிற செல்வி, தேவதானத்துக்காரி. கடலுக்குள் முங்குகிற ஆள் பெட்டிகளை நகர்த்தி வழி கண்டுபிடித்து, மூச்சு தீர்வதற்குள் மேலே வரவேண்டும். நாளைக்கு வகுப்பில் எல்லாருக்கும் காட்டப்போகிறேன்.

செத்த நேரத்திலேயே செல்வி கையை எடுத்துவிட்டாள். "ஏட்டி, தண்ணிக்குள்ள பெட்டி இப்பிடியா தொப்புன்னு விழும்? எங்க கெணத்துல கல்லைப் போட்டாக்கூட மெதுவாத்தான் எறங்கும்."

சுருக்கென்றது. மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியது. ஆனால் அவள் சொன்னது சரிதான். மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. பெட்டி வேகமெடுக்க எடுக்கத் தண்ணீரும் கூடுதலாகத் தடுக்கும்படி கணக்கை மாற்றினேன். மரப்பெட்டிகளை மிதக்க விட்டேன்.

சாயங்காலம் மறுபடி ஆடினாள். பெட்டி அசைந்து அசைந்து இறங்கியது. முங்கினவன் மேலே வந்த பிறகுதான் "அப்பாடா" என்று மூச்சு விட்டாள். அதுவரைக்கும் அவளும் அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்!

காலேஜ் பஸ் போய்விட்டது. டவுன் பஸ்ஸில் ராஜபாளையம் வரை நின்றுகொண்டே வந்தும் கால் வலிக்கவில்லை. நான் செய்த தண்ணீரில் ஒருத்திக்கு மூச்சு முட்டிவிட்டது.