வெறுங்கையில் பிடித்த பந்து

2007 ஜூலை 14, சனி

மகள் தர்சினியின் பிடிவாதத்தால் பியர்பொன்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கியூபெக் நகரத்துச் சின்ன பேஸ்போல் மைதானம்வரை காரில் போனோம். சனம் இரைந்தாலே என் கணவருக்கு ஊரில் யுத்தகாலத்து ஷெல்லடி நினைவு வந்துவிடும். கல்யாண வீடுகளுக்குக்கூட வரமாட்டார். அங்கேயும், பொரித்த உருளைக்கிழங்கில் சீஸும் சுடச்சுடக் குழம்பும் போட்ட பூத்தீனை மடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல்தான் சாப்பிட்டார்.

"சீஸ் பல்லில கீச்சிடுது," என்றது மட்டும்தான் அவர் கதைத்தது.

திடீரென்று, அடித்த பந்து எங்களை நோக்கிப் பறந்து வந்தது.

"அப்பா, குனியுங்கோ!" என்று தர்சினி கத்தினாள்.

அவர் குனியவில்லை. எழுந்து, வெறுங்கையாலேயே பிடித்துவிட்டார். பூத்தீன் காலடியில் கொட்டியது. மைதானம் முழுவதும் எழுந்து ஆர்ப்பரித்தது. அவரோ அத்தனை இரைச்சலுக்கும் நடுவில் பந்தை உயர்த்திக் காட்டி, வாய்விட்டுச் சிரித்தார்.

வீட்டில், வீங்கிய கையில் ஐஸ் வைத்தபடி, "நோகுதே?" என்றேன்.

"ஓம். அடுத்த கிழமையும் போவமே?"